ஒரு ரூபாய் விமான டிக்கெட் பிறந்த கதை

புதிதாகத் திறக்கிற பிரியாணிக் கடை ஒன்று, ஒரு ரூபாய்க்குப் பிரியாணி என்று பலகை வைத்துவிட்டால் போதும். கோவையோ ஈரோடோ, கடை திறக்கும் முன்பே வரிசை சாலைக்கு வந்துவிடும். சில ஊர்களில் போக்குவரத்தைச் சரிசெய்யப் போலீஸ் வரவேண்டியிருக்கும். அந்தக் கடைக்காரருக்கு அன்றைக்கு ஒரு பொட்டலத்திலும் லாபம் கிடையாது. ஆனால் கடை எந்த முக்கில் இருக்கிறது, பிரியாணி எப்படி இருக்கிறது என்கிற இரண்டு விஷயங்களும் ஒரே பகலில் ஊருக்குத் தெரிந்துவிடுகின்றன. அதே காசை நோட்டீஸ் அடிப்பதில் போட்டிருந்தால் இதில் பாதி வேலைகூட நடந்திருக்காது.

2000-களின் நடுவில் இதே வேலையை ஒரு விமான நிறுவனம் செய்தது. கோவை பீளமேட்டிலிருந்து கிளம்பிய விமானங்களில் அந்த நிறுவனத்தின் விமானங்களும் இருந்தன. ஏர் டெக்கான் என்று பெயர். ஒரு ரூபாய்க்கு டிக்கெட் என்று அது விளம்பரம் செய்தபோது, "ஏனுங்க, நெசமாவே ஒரு ரூபாய்தானுங்களா?" என்பதுதான் கொங்கு நாட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றிய கேள்வி. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1953-ல் விமானப் போக்குவரத்து தேசியமயமானது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு உள்நாட்டில் பறக்க இந்தியன் ஏர்லைன்ஸை விட்டால் வேறு வழி பெரிதாக இல்லை. அது சொன்னதே விலை. 1990-களின் தொடக்கத்தில் கதவு திறந்தது, 1994-ல் பழைய சட்டமே நீக்கப்பட்டது. ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோதிலுஃப்ட் என்று வரிசையாகத் தனியார் நிறுவனங்கள் வந்தன. சென்னையிலிருந்து என்.இ.பி.சி. வந்தது. நம் பக்கத்துக்காரர்களுக்கு அதைக் காற்றாலைக் கம்பெனியாகத்தான் முதலில் தெரியும். இவற்றில் பெரும்பாலானவை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூடிக்கொண்டன. நின்றவை ஜெட் ஏர்வேஸும் சகாராவும். கவனித்தால் ஒன்று தெரியும்: இத்தனை பேர் போட்டியிட்டும் விலை பெரிதாக இறங்கவில்லை. யார் நல்ல சாப்பாடு போடுவது, யார் குளிர்ந்த துண்டு கொடுப்பது, யாருடைய பணிப்பெண் கனிவாகப் பேசுவது என்பதில்தான் போட்டி. டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது பெரும்பாலும் பயணியின் கம்பெனி. சொந்தக் காசு போகாத இடத்தில் விலையைக் குறைத்து என்ன ஆகப்போகிறது?

கோவையிலிருந்து சென்னைக்குப் பறந்தவர்கள் மில் முதலாளிகள், பம்ப்செட் கம்பெனி நிர்வாகிகள், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள், மருத்துவர்கள். மற்ற எல்லோரும் நீலகிரி எக்ஸ்பிரஸிலோ சேரன் எக்ஸ்பிரஸிலோ இரவு ஏறிப் படுத்து, விடியும்போது சென்ட்ரலில் இறங்கினார்கள். ஏறக்குறைய ஐநூறு கிலோமீட்டர், ஒரு ராத்திரித் தூக்கம். அந்த ரயிலுக்குப் போட்டியாக விமானத்தை நிறுத்தலாம் என்று விமானத் தொழிலில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது விமானத் தொழிலில் பழந்தின்று கொட்டை போடாத ஒருவருக்கு. கேப்டன் ஜி.ஆர். கோபிநாத், கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்து கொரூர்க்காரர். 1971 போரில் பங்கேற்ற ராணுவ அதிகாரி. எட்டாண்டுகளில் பணியை விட்டு ஊருக்கு வந்தார். ஹேமாவதி அணை குடும்ப நிலத்தை விழுங்கியிருந்தது. ஈடாகக் கிடைத்த வறண்ட நிலத்தில் பண்ணை வைத்தார், பட்டுப்புழு வளர்த்தார், 1996-ல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார். 1997-ல் நண்பர்களோடு சேர்ந்து ஹெலிகாப்டர் வாடகைக்கு விடும் கம்பெனி தொடங்கினார். 'சூரரைப் போற்று' படம் அவர் வாழ்க்கையின் சாயலை எடுத்து, நாயகனைச் சோழவந்தான் மண்ணில் நட்டது. அதனால் தமிழர்களில் பலருக்கு இந்தக் கதை மதுரைக் கதையாகப் பதிந்திருக்கிறது.

தனக்கு எண்ணம் எப்படிப் பிறந்தது என்பதை கோபிநாத்தே பலமுறை சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் விமான நிலையத்துக்குப் போயிருந்தபோது, அங்கே ஒரு நாளில் வந்துபோகும் விமானங்கள் ஆயிரம் என்று கேள்விப்பட்டார். இந்தியாவின் எல்லா விமான நிலையங்களையும் சேர்த்தாலும் அன்றைக்கு அதில் பாதி வராது. இன்னொரு சமயம் ஹெலிகாப்டரிலிருந்து கீழே பார்த்தபோது, சாதாரண ஓட்டு வீடுகளின் மேல் டிஷ் ஆண்டெனாக்கள் தெரிந்தன. அந்த வீட்டுக்காரர்கள் வாங்கும் சக்தி உள்ளவர்கள், அவர்களிடம் யாரும் விமான டிக்கெட் விற்க முயலவில்லை என்று அவர் கணக்குப் போட்டார்.

கணக்கு தப்பில்லை. 2003 வாக்கில் இந்திய ரயில்களில் ஒரே நாளில் போனவர்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர். உள்நாட்டு விமானங்களில் ஓர் ஆண்டு முழுக்கப் போனவர்களும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஜெட்டும் இந்தியன் ஏர்லைன்ஸும் அந்த ஓராண்டு ஒன்றரைக் கோடிக்காக அடித்துக்கொண்டிருந்தன. கோபிநாத் கண்ணை வைத்தது ஒருநாள் ஒன்றரைக் கோடியின் மீது.

2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான் பறக்கத் தொடங்கியது. பெரிய ஜெட் விமானங்களை அது முதலில் எடுக்கவில்லை. 48 பேர் உட்காரும் ஏ.டி.ஆர். விமானம், இறக்கையில் காற்றாடி சுழலும் ரகம். அதைக் கொண்டு ஹூப்ளி, மங்களூர், மதுரை, கோவை, விஜயவாடா போன்ற இரண்டாம் நிலை ஊர்களைப் பிடித்தது. அமைச்சரும் கட்சித் தலைவரும் ஏறியிருந்த ஹைதராபாத்–விஜயவாடா தொடக்க விமானத்தில் புறப்படும் நேரத்தில் எஞ்சினில் தீப்பிடித்தது. அந்த நாளோடு கதை முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை.

சின்ன விமானத்தை எடுத்ததில் ஒரு வரிக் கணக்கு ஒளிந்திருந்தது. விமானத் தொழிலில் பெரிய செலவு எரிபொருள். விமான எரிபொருளுக்குத் தமிழ்நாடு நெடுங்காலமாக வாங்கிவந்த விற்பனை வரி 29 விழுக்காடு. ஆனால் காற்றாடி விமானங்களுக்கு அன்றைய நடுவண் சட்டப்படி மாநிலங்கள் 4 விழுக்காட்டுக்கு மேல் வாங்கமுடியாது. எண்பது இருக்கைக்குக் குறைந்த விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணத்திலும் விலக்கு கிடைத்தது. கோவை–சென்னை மாதிரி ஒருமணி நேரப் பயணத்தில், இந்த இரண்டு சலுகைகளும் டிக்கெட் விலையில் நன்றாகவே தெரியும்.

மற்றதெல்லாம் சிக்கனம். சாப்பாடு இலவசம் இல்லை, வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம். சாப்பாடு இல்லாததால் குப்பை குறைவு, குப்பை குறைந்ததால் தரையில் நிற்கும் நேரம் குறைவு, அந்த நேரம் மிச்சமானதால் அதே விமானம் ஒரு நாளைக்கு இன்னொரு தடவை பறக்கும். இருக்கை எண் கிடையாது, முதலில் ஏறுகிறவர் பிடித்த இடத்தில் உட்காரலாம், நம் டவுன்பஸ் மாதிரியே. கார்பன் வைத்த பழைய டிக்கெட் புத்தகம் போய், காந்திபுரத்துப் பிரவுசிங் சென்டரில் எடுத்த ஒரு பிரிண்ட் அவுட்டே டிக்கெட் ஆனது. ஏஜென்டுக்குக் கொடுக்கும் தரகு மிச்சம். தபால் நிலையத்திலும் பெட்ரோல் பங்கிலும்கூட டிக்கெட் விற்றார்கள். விமானத்தின் உடம்பிலேயே பிற கம்பெனிகளின் விளம்பரத்தை எழுதிக் காசு பார்த்தார்கள். சின்னமாக ஆர்.கே. லக்ஷ்மணின் 'சாமானிய மனிதன்' வந்து நின்றார். கட்டம்போட்ட கோட்டும் வேட்டியுமாக இருந்த அந்தக் கிழவர், ஏர் இந்தியாவின் மகாராஜாவுக்கு நேர் எதிர்.

இவ்வளவும் சேர்ந்து விலையைப் பாதியாக்கின. பாதி விலையும் ரயில் பயணியை அசைக்கப் போதவில்லை. இங்கேதான் ஒரு ரூபாய் பிறக்கிறது.

ரயிலில் போகிறவர் விமானக் கட்டணத்தை ரயில் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வேண்டாம் என்று முடிவு செய்பவர் அல்லர். அவர் விமானக் கட்டணத்தை விசாரிப்பதே இல்லை. அது தனக்கானது இல்லை என்று என்றைக்கோ ஒதுக்கிவிட்டார். அப்படிப்பட்டவரை விசாரிக்க வைக்கிற விலை எது? ஆயிரத்தை எண்ணூறு ஆக்கினால் அவர் காதில் விழாது. ஒரு ரூபாய் என்றால் விழும். ஒரு ரூபாய் என்பது அந்த இருக்கையின் விலையாக வைக்கப்படவில்லை. இதுவரை விமான நிலைய வாசலை மிதிக்காத ஒரு மனிதரைக் கணினித் திரைக்கு முன்னால் கொண்டுவந்து உட்காரவைக்கும் விளம்பரச் செலவாகவே வைக்கப்பட்டது. இந்தக் கதையில் என்னை எப்போதும் கவர்வது இதுதான்.

இது தமிழ்நாட்டுக்குப் புதிய சூத்திரமில்லை. 1983-ல் கடலூரில் பதினைந்தாயிரம் ரூபாய் முதலோடு தொழில் தொடங்கிய சி.கே. ரங்கநாதன், ஷாம்பூவைச் சில்லறைக் காசுக்குப் பொட்டலமாக விற்று, சீயக்காயும் சோப்பும் போட்டுக்கொண்டிருந்த கிராமத்தைத் தன் 'சிக்' ஷாம்பூ பக்கம் திருப்பினார். எந்தக் கம்பெனியின் காலிப் பொட்டலமானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒன்று இலவசம் என்றார். பழகிய பிறகு, சிக் காலிப் பொட்டலத்துக்கு மட்டும்தான் என்று மாற்றினார். அவரும் முதலில் பிடித்தது ஷாம்பூவே வாங்காதவரை.

சரி, நிஜமாகவே ஒரு ரூபாய்தானா? டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் ஒரு ரூபாய். அதற்கு மேல் பயணிகள் சேவைக் கட்டணம் முதலானவை 200 ரூபாய்ச் சொச்சம் வரும். அதையும் கட்டினால் பறக்கலாம், நிஜமாகவே பலர் பறந்தார்கள். ஆனால் ஒரு விமானத்தில் எத்தனை இருக்கைகள் அந்த விலைக்கு என்பதில்தான் சூட்சுமம். சில இருக்கைகள்தான். அவை தீர்ந்ததும் அடுத்த படி சில நூறு, அதற்கடுத்த படி ஆயிரம், நாளைக்குப் பயணம் என்று இன்று வருகிறவருக்கு அதற்கும் மேலே. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் மூன்று விலை கொடுத்திருப்பார்கள்.

ஏன் இப்படி? உழவர் சந்தையில் கொத்தமல்லிக் கட்டு காலையில் ஒரு விலை, சந்தை கலையும் நேரத்தில் ஒரு விலை. சாயங்காலம் அது வாடிவிடும் என்று விற்பவருக்குத் தெரியும். விமான இருக்கை அதைவிட வேகமாக வாடும் சரக்கு. கதவைச் சாத்திய நொடியில் காலி இருக்கையின் மதிப்பு சுழியம், நாளைக்கு எடுத்துவைத்து விற்கவும் முடியாது. ஆனால் விலை மட்டும் சந்தைக்கு நேர்மாறாக ஓடுகிறது: முதலில் மலிவு, கடைசியில் கிராக்கி. காரணம், கடைசியில் வருகிறவர் அவசரத்தில் வருகிறார். சாவு வீட்டுக்கோ, ஏற்றுமதி ஆர்டர் பேசவோ போகிறவர் என்ன விலையானாலும் கொடுப்பார். முன்னாலேயே வருகிறவர் விலை பிடித்தால்தான் கிளம்புவார்.

இந்தப் படிக்கட்டு விலை அமெரிக்காவில் விளைந்தது. 1978-ல் அங்கே விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு தளர்ந்தது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற புதிய நிறுவனம் 1981-லிருந்து எல்லா இருக்கையையும் மலிவாக விற்றுப் பெரியவர்களைக் கலங்கடித்தது. 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கணினியை வைத்துக் கணக்கிட்டு, எப்படியும் காலியாகப் போகும் இருக்கைகளை மட்டும் அதே மலிவு விலைக்குக் கொடுத்தது, மீதியைப் பழைய விலைக்கே வைத்துக்கொண்டது. இரண்டே ஆண்டில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் இல்லாமல் போனது. கணினி இல்லாத காலத்துப் போட்டி இன்னும் சுவாரசியமானது. 1973-ல் டெக்சாஸில் பிரானிஃப் என்ற பெரிய நிறுவனம், குட்டி நிறுவனமான சவுத்வெஸ்டை ஒழிக்க டல்லாஸ்–ஹூஸ்டன் கட்டணத்தை 13 டாலராகக் குறைத்தது. சவுத்வெஸ்ட் பயணியிடமே முடிவை விட்டது: 13 டாலரும் கொடுக்கலாம், முழுக் கட்டணம் 26 டாலரும் கொடுக்கலாம், முழுக் கட்டணம் கொடுப்பவருக்கு ஒரு புட்டி விஸ்கி இலவசம். கம்பெனிக் கணக்கில் பயணம் செய்தவர்கள் 26 டாலர் ரசீதைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுப் புட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். இந்த சவுத்வெஸ்டும், பின்னால் அயர்லாந்தில் வளர்ந்த ரயன் ஏரும்தான் கோபிநாத் பார்த்துப் படித்த பள்ளிக்கூடங்கள்.

நம் ஜவுளிக்கடைகளுக்கும் இந்தக் கணக்கு அந்நியமில்லை. ஆடியில் முகூர்த்தம் இல்லை, சேலை விற்பனை படுத்துவிடும். அதே ஆடியில் கொங்கு நாட்டில் பதினெட்டாம் பெருக்கு உண்டு, புதுமணத் தம்பதிக்குத் தலை ஆடி உண்டு, பவானி கூடுதுறையில் கூட்டம் உண்டு. கையில் காசு அடியோடு இல்லாத மாதமும் இல்லை. அந்த மாதத்தில் கோவையின் ஒப்பணக்கார வீதியும் கிராஸ்கட் ரோடும் தள்ளுபடிப் பதாகைகளால் நிறைவது, தேங்கிய சரக்கைக் காசாக்கி ஆவணி முகூர்த்தத்துக்கும் தீபாவளிக்கும் புதுச்சரக்கு எடுப்பதற்காக. ஆனால் ஜவுளிக்கடைக்காரருக்கு ஒரு வசதி. விற்காத சேலை அலமாரியில் இருக்கும். விமானக்காரருக்கு ஒவ்வொரு நாளும் ஆடி 31.

விளைவு வேகமாக வந்தது. 2005 மே மாதம் பறக்கத் தொடங்கிய ஸ்பைஸ்ஜெட், முதல் 99 நாளுக்கு 99 ரூபாய் டிக்கெட் என்று அறிவித்தது. கோஏர் வந்தது, 2006 ஆகஸ்டில் இண்டிகோ வந்தது. ஜெட்டும் இந்தியன் ஏர்லைன்ஸும் தாங்களும் படிக்கட்டு போட்டன. 2003-ல் ஒன்றரைக் கோடியை ஒட்டியிருந்த உள்நாட்டுப் பயணிகள் 2007-ல் நான்கு கோடியைத் தாண்டினார்கள். இடையில் ஏர் டெக்கான் நாட்டின் இரண்டாவது பெரிய நிறுவனமாகவே ஆகியிருந்தது. மகன் அனுப்பிய டிக்கெட்டில் முதன்முறையாகப் பறக்கும் கிராமத்து முதியவரைக் காட்டிய அதன் தொலைக்காட்சி விளம்பரத்தை இன்றும் நினைவு வைத்திருப்பவர்கள் உண்டு. பெங்களூரில் மென்பொருள் வேலைக்குப் போன மகனைப் பார்க்க கோவையிலிருந்து பறந்த அப்பாவும் அம்மாவும் அந்த விளம்பரத்தில் தங்களைப் பார்த்தார்கள்.

அதே காலத்தில் கோவை வானில் நேர் எதிரான ஒரு சோதனையும் நடந்தது. தமிழ்நாட்டு ஜவுளிக் குடும்பத்திலிருந்து வந்த எம். தியாகராஜன் 2005 அக்டோபரில் பாரமவுண்ட் ஏர்வேஸைத் தொடங்கினார். சென்னை, கோவை, மதுரை என்று தென்னகத்தில் ஓடியது. எழுபது சொச்சம் இருக்கைகள் கொண்ட எம்பிரேயர் ஜெட், எல்லாமே பிசினஸ் கிளாஸ், விலை மற்றவர்களின் சாதாரண வகுப்பை ஒட்டி. எடை 40,000 கிலோவுக்குக் குறைந்த விமானம் என்பதால் அந்த 4 விழுக்காட்டு வரிச் சலுகை இவருக்கும் பிறகு பயன்பட்டது. ஒரே சலுகை, இரண்டு வியாபாரம்: ஒருவர் அதை மலிவாக மாற்றினார், மற்றவர் சொகுசாக மாற்றினார். கோவைக்காரர்களுக்கு இரண்டும் ஒரே விமான நிலையத்தில் கிடைத்தன. அந்த நான்கைந்து ஆண்டுகள் நம் ஊர்ப் பயணிக்கு வாய்த்த பொற்காலம் என்றே சொல்வேன். விமானக்காரர்கள் வாடிக்கையாளரைத் தேடி அலைந்த காலம் அது.

நீடிக்கவில்லை. ஏர் டெக்கானின் தாமதங்களும் ரத்துகளும் பேர்போனவை. வேகமாக வளர்ந்த அளவுக்கு விமானிகளும் பொறியாளர்களும் உதிரி விமானங்களும் இல்லை. அதைவிட ஆழமான கோளாறு வேறு. எல்லோரும் செலவுக்குக் கீழே விற்றார்கள். கோவையில் நூற்பாலை நடத்துபவரைக் கேட்டால் சொல்வார்: கிலோ நூலுக்கு அடக்கவிலை என்ன என்று தெரிந்தவர் மந்தத்திலும் தாக்குப்பிடிப்பார், பக்கத்து மில் என்ன விலைக்கு விற்கிறது என்று மட்டும் பார்த்து விற்பவர் அடுத்த பஞ்சு விலையேற்றத்தில் விழுவார். 2007 மே கடைசியில், கிங்ஃபிஷர் விமானங்களை நடத்திவந்த விஜய் மல்லையாவின் நிறுவனம் ஏர் டெக்கானில் 26 விழுக்காட்டுப் பங்கை 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2008-ல் பெயர் கிங்ஃபிஷர் ரெட் ஆனது. அதே ஆண்டில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. 2010-ல் பாரமவுண்ட் நின்றது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரும் தரையில் நின்றது.

நிலைத்தது இண்டிகோ. அது ஒரு ரூபாய் விளம்பரத்துக்குப் பின்னால் போகவில்லை. ஒரே ரக விமானம், மொத்தக் கொள்முதல், சொன்ன நேரத்துக்குக் கிளம்புவது என்று அடக்கவிலையைப் பிடித்தது. மல்லையா வாங்கியது ஏர் டெக்கானின் விமானங்களை. கோபிநாத் கூட்டிவந்த பயணிகளோ வேறு வழியாக இண்டிகோவில் போய் ஏறினார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்: சந்தையை உண்டாக்கியவருக்கு அந்தச் சந்தையில் கடை இல்லாமல் போனது.

சேலத்தையும் சொல்லவேண்டும். ஓமலூர் பக்கத்தில் விமான நிலையம் இருந்தும், விமானம் வராத ஆண்டுகளே அதற்கு அதிகம். உடான் திட்டத்தில் ஒருமணி நேரப் பயணத்துக்குக் கட்டணம் 2,500 ரூபாய் என்று அரசே எல்லை கட்டி, நட்டத்தை ஈடுசெய்யும் பொறுப்பையும் ஏற்றபின் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது. அந்த நிறுவனமும் நின்றபிறகு, 2023 அக்டோபரில்தான் சேலத்துக்கு மறுபடி விமானம் வந்தது. போட்டியாளர்கள் இல்லாத ஊரில் மலிவு டிக்கெட்டை அரசு மானியம் வைத்துத்தான் பிறப்பிக்க வேண்டியிருக்கிறது.

படிக்கட்டு விலை மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கீழ்ப்படிகள்தான் காணோம். பொங்கலுக்கு முதல்நாள் சென்னையிலிருந்து கோவைக்கு டிக்கெட் தேடுகிறவருக்கு இது தெரியும். ஆம்னி பஸ் கட்டணமும் அதே கணக்கில்தான் ஏறுகிறது. படிகளை ஏற்றும் கணினி முன்பைவிடக் கூர்மையாகிவிட்டது, இறக்க வைக்கும் போட்டியாளர்கள் குறைந்துவிட்டார்கள். உள்நாட்டுப் பயணிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இண்டிகோ என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2025 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் விமானங்கள் கூட்டம்கூட்டமாக ரத்தானபோது மற்றவற்றின் கட்டணம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து, நடுவண் அரசு தற்காலிக உச்சவரம்பு விதித்தது. ஐநூறு கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு, வரிகள் நீங்கலாக, 7,500 ரூபாய். கோவை–சென்னை அந்த எல்லைக்குள் வந்தது.